லண்டன் பின்தோட்டத்தில் வாழையும் கறிவேப்பிலையும்: உறைபனி தாங்காத செடிகளுக்கு ஒரு வழிகாட்டி

செடி வாங்கப் புறப்படும் முன் தோட்டத்துக்குப் போகாதீர்கள். வீட்டுக்குள் ஒரு சுற்று வாருங்கள். ஹாரோ, டூட்டிங், ஈஸ்ட்ஹாம் பக்கத்து வரிசை வீடுகளில் பின்தோட்டம் என்று இருப்பது ஐந்து மீட்டர் அகலமும் எட்டுப் பத்து மீட்டர் நீளமும்தான். கோடையில் அதற்குள் ஒரு சிறு காட்டையே வளர்த்துவிடலாம். நவம்பரில் அந்தக் காட்டை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. எத்தனை செடி வளர்க்கலாம் என்பதைத் தீர்மானிப்பது தோட்டத்தின் பரப்பு இல்லை, வீட்டில் குளிர்காலத்துக்குக் கிடைக்கும் இடம்.

அந்த இடங்களை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவது, 12 டிகிரிக்குக் கீழே இறங்காத, வெளிச்சமான ஜன்னலோரம். தெற்கோ மேற்கோ பார்த்த ஜன்னல் என்றால் நல்லது. கறிவேப்பிலையும் குண்டுமல்லிகையும் இங்கே. இரண்டாவது, ஹீட்டர் இல்லாத ஆனால் வெளிச்சமுள்ள இடம்: கண்ணாடி அடைத்த முன்வாசல், யாரும் தூங்காத அறை, கன்சர்வேட்டரி. இங்கே 5 முதல் 10 டிகிரி இருக்கும். மூன்றாவது, வெளிச்சமே தேவையில்லாத, ஆனால் உறையாத இடம்: கராஜ், வீட்டுச் சுவரோடு ஒட்டிய ஷெட், மாடிப்படிக்குக் கீழே. தூங்கும் கிழங்குகள் எல்லாம் இங்கே போகும். நான்காவது, தோட்டத்திலேயே மண்ணில் விட்டுப் போர்த்துவது.

கையில் ஒரு காகிதம் எடுத்து ஒவ்வொரு இடத்திலும் எத்தனை தொட்டி நிற்கும் என்று எழுதுங்கள். ஜன்னலோரத்தில் இரண்டு என்றால் இரண்டுதான். மே மாதக் கடை அலமாரியைப் பார்த்து மயங்குகிறவர்கள் பலரும் அக்டோபரில் செடிகளைக் குளியலறைத் தொட்டிக்குள் அடுக்குவார்கள்.

வாங்கும் செடியின் அட்டையில் ஆர்எச்எஸ் என்ற அரச தோட்டக்கலைக் கழகத்தின் குளிர் தாங்கும் தரக்குறி இருக்கலாம். எச்1சி என்றால் 5 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. எச்2 என்றால் 1 டிகிரி வரை தாங்கும், உறைந்தால் போய்விடும். எச்3 என்றால் மைனஸ் 5 வரை, எச்4 என்றால் மைனஸ் 10 வரை தாங்கும். இந்தக் கணக்கு காற்றின் குளிருக்கு மட்டுமே. ஈரத்தை அது சொல்லாது. லண்டனில் குளிர் தனியாக வந்து கொல்லும் செடிகளைவிட, ஈர மண்ணில் நின்று குளிரில் அழுகும் செடிகள்தான் அதிகம்.

எந்த மூலை சூடு?

செல்சி ஃபிசிக் கார்டன் 1673இல் தொடங்கிய மூலிகைத் தோட்டம். தேம்ஸ் கரையருகே உயரமான செங்கல் மதிலுக்குள் இருக்கிறது. அங்கே ஆலிவ் மரமும் கிரேப்ஃபுரூட் மரமும் திறந்த வெளியில் காய்க்கின்றன. நகரத்தின் சூடும் மதில் பகலில் வாங்கி இரவில் விடும் சூடும் சேர்ந்து செய்யும் வேலை அது. உங்கள் தோட்டத்திலும் அதன் சிறு வடிவம் ஒன்று இருக்கும். தெற்கு பார்த்த வீட்டுச் சுவரின் அடியில், சுவரிலிருந்து ஒரு மீட்டருக்குள், திறந்த புல்தரையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கலாம். நகரத்தின் மையத்தை விட்டு வெளியே போகப் போக இந்தச் சலுகை குறையும்.

மேகமும் காற்றும் இல்லாத இரவுதான் ஆபத்து. தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். வானிலை அறிக்கை 3 டிகிரி என்று சொன்ன இரவிலும் புல் வெள்ளையாகிவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கி, அடைத்த மரவேலியிலும் மூடிய வாசற்கதவிலும் முட்டித் தேங்கும். அந்த மூலையில் வாழை நடாதீர்கள்.

ஊகிக்க வேண்டியதில்லை. இரவின் மிகக் குறைந்த வெப்பத்தைப் பதிந்து வைக்கும் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி, ஒன்றைச் சுவரோரத்திலும் இன்னொன்றை வேலி மூலையிலும் முழங்கால் உயரத்தில் கட்டுங்கள். ஒரு குளிர்காலம் பார்த்தால் தோட்டத்தின் வரைபடம் கைக்கு வந்துவிடும். 2022 டிசம்பர் நடுவில் ஒரு வாரத்துக்கும் மேலாக நாடு முழுவதும் உறைபனி நின்றது. பல ஆண்டுகள் மூடாமலேயே பிழைத்துவந்த செடிகள் அந்த ஒரு வாரத்தில் போயின. ‘போன வருஷம் ஒன்றும் ஆகவில்லையே’ என்பது போர்த்தாமல் விடுவதற்குக் காரணம் ஆகாது.

மண்

லண்டன் மண் பெரும்பாலும் களிமண். கோடையில் வெடிக்கும், குளிர்காலத்தில் பிசினாக நிற்கும். நடுவதற்கு முன் ஒரு அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். நான்கு மணி நேரத்துக்குப் பிறகும் தண்ணீர் நின்றால் அங்கே நேரடியாக நடுவது வீண். குழிக்கு அடியில் கல் போட்டால் வடியும் என்பார்கள். வடியாது, களிமண் குழிக்குள் கல்லோடு தண்ணீரும் நிற்கும். அதற்குப் பதில் 20, 25 செ.மீ. உயர மேடை கட்டி, இருக்கும் மண்ணோடு மக்கிய உரமும் 6 மி.மீ. சிறுகல்லும் கலந்து நிரப்புங்கள்.

தொட்டிக்கு: பீட் என்ற சதுப்பு நிலக் கரிமண் இல்லாத பொதுக் கம்போஸ்ட் இரண்டு பங்கு, ஜான் இன்னஸ் 3 என்ற மண் கலவை ஒரு பங்கு, பெர்லைட் என்ற இலேசான வெள்ளைக் குருணையோ சிறுகல்லோ ஒரு பங்கு. வெறும் கம்போஸ்ட்டில் நட்டால் ஒரு வருடத்தில் அமுங்கி நடுவில் ஈரமும் ஓரத்தில் வறட்சியுமாக இருக்கும். தொட்டிக்கு அடியில் மூன்று கால் வைத்துத் தரையிலிருந்து தூக்குங்கள். ஓட்டை அடைபட்ட தொட்டிதான் ஜனவரியில் செடிக்கு எமன்.

வாழை

இங்கே மண்ணில் நிற்கும் வாழை ஒன்றே ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஜப்பானிய வாழை எனப்படும் மூசா பாஸ்யூ. பழம் தின்ன உதவாது. ஆனால் மேலே கருகினாலும் கிழங்கு மண்ணுக்குள் பிழைக்கும். கடையில் அதன் பக்கத்திலேயே சிவப்பு இலை எத்தியோப்பிய வாழை, என்செட்டே, நிற்கும். பார்வைக்கு அதுதான் இழுக்கும். அது உறைபனி தாங்காது, பக்கக்கன்றும் விடாது, செத்தால் அதோடு சரி. முதல் வருடம் அதை விட்டுவிடுங்கள்.

மே கடைசியில் நடுங்கள். குழி 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம், ஒரு பை மக்கிய குதிரைச் சாணத்தை மண்ணோடு கலந்து போடுங்கள். காற்று மறைந்த இடமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜூலையில் இலை முழுவதும் நாராகக் கிழிந்திருக்கும். செடிக்கு அதனால் கேடில்லை, பார்க்கத்தான் சகிக்காது. வெயில் காலத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 10 லிட்டர், வெயில் கொளுத்தினால் இரு மடங்கு. மே முதல் ஆகஸ்ட் வரை மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி கோழியெரு உருண்டை தூவி நீர் விடுங்கள். செப்டம்பரில் உரத்தை நிறுத்திவிடுங்கள். கடைசி நேரத்து இளந்தண்டில் தண்ணீர்தான் இருக்கும், முதல் பனியிலேயே கூழாகும்.

போர்த்தும் வேலையைச் சரியாகச் செய்வதில்தான் அடுத்த வருட வாழை இருக்கிறது. தண்டு பிழைத்தால் ஏப்ரலில் உச்சியிலிருந்தே இலை விடும். ஜூலையில் வேலியைத் தாண்டும். தண்டு செத்தால் மீண்டும் தரையிலிருந்து தொடங்க வேண்டும்.

1. முதல் பனியில் இலை கருகும் வரை காத்திருங்கள். பெரும்பாலும் நவம்பரில் நடக்கும். அதற்கு முன்பே மூடினால் உள்ளே வேர்த்து அழுகும்.
2. இலைகளைக் காம்போடு வெட்டுங்கள். தண்டு ஆள் உயரத்தைத் தாண்டியிருந்தால் ஒன்றரை மீட்டரில் அறுத்துவிடலாம். சாறு உடையில் பட்டால் கறை போகாது; பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.
3. தண்டிலிருந்து 25, 30 செ.மீ. தள்ளி நான்கு மூங்கில் கழிகளை அடித்து, கோழிக்கம்பி வலையைச் சுற்றிக் கட்டுங்கள்.
4. காய்ந்த வைக்கோலை உள்ளே திணியுங்கள். முயலுக்கு விற்கும் சிறு கட்டுகள் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும். பசும்புல் காயவைத்த ‘ஹே’ வேண்டாம், அது நனைந்தால் புளித்து அழுகும்.
5. உச்சிக்கு மட்டும் மழை புகாத மூடி: கவிழ்த்த தொட்டி, பழைய குப்பைத்தொட்டி மூடி, எதுவாக இருந்தாலும் சரி. பக்கங்களைப் பிளாஸ்டிக்கால் சுற்றாதீர்கள். வைக்கோல் மூச்சு விட வேண்டும்.
6. அடியில் 15 செ.மீ. உயரத்துக்கு மரப்பட்டைத் துண்டுகளைப் பரப்புங்கள்.

ஏப்ரல் நடுவில் பிரியுங்கள். உச்சி கொழகொழவென்று இருந்தால் பயப்பட வேண்டாம். ஐந்து ஐந்து செ.மீ.யாக வில்லை போட்டு அறுத்துக்கொண்டே இறங்குங்கள். வெட்டுமுகம் வெள்ளையாகக் கெட்டியாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். ஓரிரு நாளில் அதன் நடுவிலிருந்து சுருட்டிய இளங்குருத்து ஒரு விரல் உயரத்துக்கு மேலே தள்ளி நிற்கும்.

கிழங்குக் கூட்டம்

புதியவர்களுக்கு மிக எளிதானவை இவை. கல்வாழைக் கிழங்கை மார்ச்சில் 3 லிட்டர் தொட்டியில், கண் மேல் நோக்க, 5 செ.மீ. ஆழத்தில் வைத்து வெளிச்சமான ஜன்னலில் முளைக்க விடுங்கள். ஜூனில் வெளியே. இலையில் மஞ்சள் கோடும் புள்ளியுமாக நெளிந்து வந்தால் அது வைரஸ். மருந்து கிடையாது, கிழங்கோடு வீட்டுக் குப்பையில் போட்டுவிடுங்கள், வெட்டிய கத்தியையும் கழுவுங்கள்.

சேப்பங்கிழங்குக்கு நாற்றங்கால் கடையில் காசு செலவழிக்க வேண்டியதே இல்லை. தமிழ்க் கடைக் கூடையில் கையை விட்டு, அழுத்தினால் அமுங்காத, நுனியில் இளஞ்சிவப்பாகக் கண் விழித்த பெரிய கிழங்காக இரண்டு பொறுக்குங்கள். மார்ச்சில் ஈரக் கம்போஸ்ட்டில் புதைத்து 22 டிகிரியில் வையுங்கள். கொதிகலன் இருக்கும் அலமாரி இதற்கென்றே கட்டியது போல இருக்கும். முளைக்க மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். குளிர்ந்த இடத்தில் வைத்தால் முளைக்காமல் அழுகும். முளை தெரிந்ததும் வெளிச்சத்துக்கு மாற்றி, ஜூனில் 20 லிட்டர் தொட்டிக்கு. தட்டில் எப்போதும் தண்ணீர் நிற்கட்டும். இந்தக் கட்டுரையில் அப்படி நிற்கலாம் என்று சொல்லும் ஒரே செடி இதுதான். ஆகஸ்டில் இலை முறம் அளவுக்கு வரும். சாறு பட்டால் அரிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தெரியாது.

பனி இலைகளைக் கருக்கியதும் இரண்டையும் 15 செ.மீ. விட்டு வெட்டித் தோண்டுங்கள். மண்ணைக் கழுவாமல் உதறி, ஒரு வாரம் காற்றில் உலர்த்தி, லேசாக ஈரமான கம்போஸ்ட்டில் புதைத்து கராஜில் வையுங்கள். முழுக்கக் காய்ந்த பெட்டியில் வைத்தால் பிப்ரவரியில் சுருங்கிச் சருகாகும். சேம்புக்கு 10 டிகிரிக்குக் கீழே பிடிக்காது, அதை மட்டும் வீட்டுக்குள் எடுங்கள்.

மர ஊமத்தை எனப்படும் புருக்மான்சியா கிழங்குச் செடி இல்லை, ஆனால் அதுவும் கராஜில் தூங்கும். அதற்கு ஒரு நுணுக்கம் உண்டு. நேராக வளர்ந்த தண்டு முதல் முறை இரண்டாகக் கவைக்கும் இடத்துக்கு மேலேதான் அது பூக்கும். இலையுதிர்காலத்தில் இடம் பற்றவில்லை என்று கவைக்குக் கீழே வெட்டினால், அடுத்த கோடை முழுவதும் மறுபடி கவைக்கும் வரை இலை மட்டும்தான். கவைக்கு மேலே ஒரு சாண் விட்டு வெட்டி, கராஜில் மாதம் ஒரு கோப்பைத் தண்ணீர் மட்டும் கொடுங்கள். செடி முழுவதும் விஷம். சிறு பிள்ளைகள் ஓடும் வீட்டில் வேண்டாம்.

கறிவேப்பிலை

எல்லாரும் வாங்குவது, எல்லாரும் சாகடிப்பது. காரணம் குளிர் என்று நினைக்கிறோம். பாதி உண்மை. டிசம்பர் கடைசியில் லண்டனின் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ மிகக் குறுகிய பகலே பதினொரு மணி நேரத்துக்கு மேல். வெளிச்சம் இல்லாத செடி வளர்ச்சியை நிறுத்தி, இலைகளைக் கொட்டும். இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது. நாம் பதறிப்போய் இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறோம். ஊறிய மண்ணில் வேர் அழுகுகிறது. ஆக, இலை கொட்டியதால் செடி சாகவில்லை, கொட்டிய பிறகு ஊற்றிய தண்ணீரால் செத்தது.

ஊரிலிருந்து கன்றைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவர நினைக்காதீர்கள். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கன்று கொண்டுவரச் சட்டம் அனுமதிக்காது. எலுமிச்சை வகை மரங்களை அழிக்கும் பசுமையாக்க நோயைப் பரப்பும் பூச்சி, கறிவேப்பிலையில் விரும்பிக் குடியிருப்பது. இங்கேயே வளர்ந்த கன்றை வாங்குங்கள். அல்லது தெரிந்தவர் செடியடியில் வேரிலிருந்து கிளைத்த பக்கக்கன்றைச் சிறிது வேரோடு அறுத்து வாங்குங்கள். விதை என்றால் பழுத்துக் கறுத்த பழத்தின் சதையை நீக்கி அன்றே ஊன்ற வேண்டும். காய்ந்த விதைப் பொட்டலம் முளைக்காது.

தொட்டியைச் சிறிதாகத் தொடங்கி, வேர் நிறைந்ததும் ஒரு அளவு மட்டும் கூட்டுங்கள்: 2 லிட்டரிலிருந்து 4, பிறகு 7. சிறு செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளிக்கும். லண்டன் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்தது. கெட்டிலின் அடியில் படிவது அதுதான். அதே தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் செடிக்கு இரும்புச்சத்து எட்டாமல், நரம்பு பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும் இளந்தளிர் வெளுக்கும். மழைநீர் பீப்பாய் ஒன்று வையுங்கள். வெளுத்துவிட்டால் ‘சீக்வெஸ்டர்டு அயர்ன்’ என்று விற்பதைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் ஊற்றினால் அடுத்த தளிர் பச்சையாக வரும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை: ஜன்னலோரம், ஆனால் ரேடியேட்டருக்கு நேர் மேலே இல்லை. இரவில் திரைச்சீலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் செடியை விட்டுவிடாதீர்கள், அங்கே அறையைவிட மிகவும் குளிராக இருக்கும். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். இலேசாக இருந்தால் மட்டும் அரைக் கோப்பை, இலை இல்லாத செடிக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். உரம் கூடாது, இலை பறிக்கவும் கூடாது. 20 வாட் எல்இடி செடிவிளக்கை 30 செ.மீ. உயரத்தில் கட்டி தினம் 12 மணி நேரம் எரித்தால் இலையைக் கொட்டாமலே கரை சேரும்; அறையும் 15 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விளக்கு வெறும் மின்கட்டணம்.

மார்ச்சில் கணுக்களில் பச்சைப் பொட்டு தெரியும்போது தொட்டி மாற்றுவது, உரம் தொடங்குவது இரண்டும். ஜூனில் இரவு 12 டிகிரிக்கு மேல் நிலைத்த பிறகு வெளியே. முதல் வாரம் நிழலில். நேராக வெயிலில் வைத்தால் கண்ணாடிக்குப் பின்னால் வளர்ந்த இலை வெள்ளைத் திட்டாக வெந்துபோகும். தாளிக்கும்போது ஈர்க்கிலிருந்து இரண்டு இரண்டு இலையாகக் கிள்ளாமல், கிளை நுனியைக் கணுவுக்கு மேலே வெட்டி எடுங்கள். கீழேயிருந்து இரண்டு கிளை வரும். பூமொட்டைக் கண்டால் கிள்ளிவிடுங்கள்.

பூச்சிகள்

குளிர்காலத்தில் வீட்டுக்குள் வரும் தொல்லை சிவப்புச் சிலந்தி. இலையின் மேலே ஊசி குத்தியது போல மங்கல் புள்ளி, அடியில் மெல்லிய வலை. வறண்ட சூட்டில் பெருகும். வாரம் ஒருமுறை செடியைக் குளியலறைக்குத் தூக்கிப் போய் இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுவதே பெரும்பாலும் போதும். இலை பிசுபிசுப்பாகி மேலே கரி படிந்தால் காம்பில் செதில் பூச்சி ஒட்டியிருக்கும். பழைய பல்துலக்கியும் சோப்புத் தண்ணீரும்.

தொட்டிச் செடி நன்றாக இருந்து திடீரென்று வாடினால், தண்ணீர் ஊற்றும் முன் பிடுங்கிப் பாருங்கள். பழுப்புத் தலையும் வளைந்த வெள்ளை உடலுமாக வைன் வீவில் என்ற வண்டின் புழுக்கள் வேரைத் தின்றிருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் அவற்றைக் கொல்லும் நெமடோட் என்ற நுண்புழுக்கள் கலந்த கரைசலை ஊற்றுவதுதான் வழி. நத்தைகளுக்கு முன்பு போட்ட நீல மெட்டால்டிஹைடு குருணைகள் 2022 ஏப்ரலிலிருந்து இங்கே தடை; இரும்புப் பாஸ்பேட் குருணைகளைக் கல்வாழை முளைக்கும் நாளிலிருந்தே சிதறுங்கள், குவித்து வைக்காதீர்கள்.

உள்ளேயும் வெளியேயும்

இரவு 8 டிகிரிக்கு இறங்கத் தொடங்கும் அக்டோபர் முதல் வாரத்தில் தொட்டிகளை உள்ளே எடுங்கள். பனி வந்த பிறகு ஓடினால் தாமதம். எடுக்கும் முன் இலையடி, தொட்டியடி இரண்டையும் பார்த்துவிடுங்கள். வெளியே நிற்பவற்றுக்குச் சதுர மீட்டருக்கு 30 கிராம் எடையுள்ள ஃபிளீஸ் துணி போதும், இரண்டு மூன்று டிகிரி காக்கும். பகலில் இளவெயில் வந்தால் விலக்குங்கள். பபிள் ராப் தொட்டிக்குச் சுற்றுவதற்கு. இலை மேல் படும்படி போர்த்தினால் பட்ட இடம் உறைந்து கருகும்.

வசந்தத்தில் அவசரம்தான் எதிரி. லண்டனின் வெளிப் பகுதிகளில் ஏப்ரல் கடைசி வரை உறைபனி உண்டு, சில ஆண்டுகளில் மே முதல் வாரத்திலும். ஏப்ரல் நடுவில் நான்கு நாள் வெயில் அடித்ததும் எல்லாவற்றையும் வெளியே தள்ளாதீர்கள். மே நடுவிலிருந்து பத்து நாள் பகலில் வெளியே, இரவில் உள்ளே. பிறகு மூன்று நாள் ஃபிளீஸுக்குள் இரவும் வெளியே. மே கடைசியில் நிரந்தரமாக; கறிவேப்பிலையும் கிழங்குகளும் மட்டும் ஜூனில்.

அப்போதும் அசையாமல் நிற்கும் செடியைத் தூக்கி எறிய வேண்டாம். தண்டை நகத்தால் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே சுரண்டுங்கள். கிழங்குச் செடிகள் ஜூன் நடுவிலும் முளைக்கும், வாழையும் சில சமயம் அப்படித்தான். ஜூன் கடைசியிலும் ஒன்றும் வரவில்லை என்றால் கிளறிப் பாருங்கள்: கிழங்கு கெட்டியாக இருந்தால் திரும்பப் புதைத்து விடுங்கள், கூழாக இருந்தால் அந்தக் குழி மண்ணையும் மாற்றுங்கள்.